கணிதமேதை சீனிவாச இராமானுஜன்

மாணவர்களே, முதலில் பின்வரும் எண்ணை உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

6 746 328 388 800

பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணுக்கு எத்தனை காரணிகள் உண்டு எனக் கேட்டால், உங்களில் பலர் கணிகருவியைத் தேடுவீர்கள். கணிகருவியும் உதவாது. இவ்வெண்ணை 1915 ஆம் ஆண்டில் ஒரு தமிழர் தம் கையால் கணித்து அட்டவணையொன்றில் பதித்தார். தரம் 11 வரை நீங்கள் கற்றுள்ள சுட்டிகளும் முதன்மைக் காரணிகளும் தெரிந்திருந்தால் அதன் காரணிகளை நீங்களும் எண்ணிவிடலாம். எப்படி என்பதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம். அதற்குமுன் அந்த மனிதரின் வாழ்க்கையை அறிந்துகொள்ளுங்கள்.

சீனிவாச இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆம் திகதி ஈரோட்டில், தாயின் பெற்றோர் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை. (நமது தோட்டங்களில் மலையில் நின்று வேலை பார்க்கும் கணக்கப்பிள்ளையை நினைத்துவிட வேண்டாம். இவர் கடையில் உட்கார்ந்து பேரேடு எழுதியவர்.) தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி வீட்டுச் செலவுக்குச் சிறிது சேர்ப்பார். வறுமை அந்த வீட்டுக்குப் புதியதன்று.

அவர் பிறந்த காலத்தை நமது வரலாற்றோடு சேர்த்துப் பாருங்கள். இலங்கையில் கோப்பி நோயால் அழிந்து, மலைகளில் தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இங்கு வந்துகொண்டிருந்தனர். கும்பகோணம் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த நகரம். உங்களில் சிலருடைய பாட்டனாரின் பாட்டனார் அந்நகரின் சந்தைக்குப் போய்வந்தவராகவும் இருக்கக்கூடும்.

இராமானுஜன் 1897 இல் ஆரம்பப் பாடசாலைப் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு நகர உயர் பாடசாலையில் சேர்ந்தார். அவரது வீட்டில் கல்லூரி மாணவர் சிலர் வாடகைக்குத் தங்கியிருந்தனர். அவர்களுக்குத் தெரிந்த கணிதம் முழுவதையும் அவர் சில மாதங்களிலேயே கேட்டு அறிந்துகொண்டார். பின்னர் லோனி என்பவர் எழுதிய திரிகோணகணித நூலைத் தாமாகவே படித்து முடித்தார். 1904 இல் பாடசாலையை விட்டு நீங்கும்போது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. முழுப் புள்ளியும் இந்த மாணவனுக்குப் போதாது என்ற கருத்தில் அவருடைய தலைமையாசிரியர் பேசினாராம்.

பதினாறாவது வயதில் அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த அந்நூலில் ஏறத்தாழ 5000 கணித முடிவுகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. விளக்கம் மிகக் குறைவு. நிறுவல் பெரும்பாலும் இல்லை. கார் ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் அல்லர். இலண்டனில் மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார்செய்த தனியார் ஆசிரியர் அவர். அந்நூலும் ஒருவகையில் நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பதைப் போன்ற பரீட்சை வழிகாட்டிதான். இதைப் படித்தபோது எங்களைப் போன்ற ரியூசன் ஆசிரியர்களுக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நீங்கள் மன்னிக்க வேண்டும். இராமானுஜன் அந்நூலின் ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார். அவ்வாறு செய்கையில் நூலில் இல்லாத புதிய முடிவுகள் அவருக்குத் தோன்றலாயின. அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதத் தொடங்கினார்.

கடதாசி விலை கூடியது. எனவே செய்கைகளைச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, கடைசி விடையை மட்டும் ஏட்டில் பதித்தார். இதனால் அவருடைய ஏடுகளில் ஆயிரக்கணக்கான முடிவுகள் உண்டு. அவை எப்படிக் கிடைத்தன என்ற படிமுறைகள் அநேகமாக இல்லை. பின்வந்த கணித அறிஞர்கள் அந்தப் படிமுறைகளைத் தேடிப் பல தசாப்தங்களைச் செலவிட்டனர். நமது கணித வினாத்தாளில் செய்கைக்கும் புள்ளி உண்டு என்பதை நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

இனி அவர் வாழ்க்கையின் துன்பமான பகுதி வருகிறது. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். ஏனெனில் இராமானுஜனைப் பற்றி எழுதுகின்ற பலர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் அவர் புலமைப்பரிசிலுடன் சேர்ந்தார். ஆனால் கணிதம் தவிர்ந்த வேறு பாடங்களை அவர் தொட்டும் பார்க்கவில்லை. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் சித்தியடையாததால் புலமைப்பரிசில் பறிபோயிற்று. அந்தப் பணமின்றி அவர் குடும்பத்தால் கட்டணம் செலுத்த முடியாது. 1905 இல் யாருக்கும் சொல்லாமல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். 1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். அன்றைய எப்.ஏ. பரீட்சை இன்றைய உயர்தரப் பரீட்சைக்கு ஏறத்தாழ ஒத்தது. அதில் கணிதம் அவருக்கு விளையாட்டு. உடலியல் போன்ற பாடங்களில் விழுந்தார். அடுத்த ஆண்டும் எழுதினார், அப்போதும் சித்தியில்லை. பல்கலைக்கழகப் பட்டம் என்ற கதவு இத்துடன் அடைபட்டது.

இராமானுஜன் பெயிலானவர்தானே, நானும் மற்றப் பாடங்களை விட்டுவிட்டால் என்ன என்று கேட்கும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தத் தோல்விக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர் வேலையின்றி, சில நாட்களில் போதிய உணவுமின்றி அலைந்தார். இருபது வயதைக் கடந்த இளைஞன், குறிப்பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து மதிப்பிடக்கூடிய ஒருவரைத் தேடி வீடு வீடாகச் சென்றார். பரீட்சை முறை அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்பது உண்மை. அந்தப் பட்டம் இருந்திருந்தால் அவ்வளவு அலைந்திருக்கமாட்டார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காலத்தில் அவர் எங்கள் தொழிலையும் செய்து பார்த்தார். மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க முயன்றார். பாடத்திட்டத்தோடு நிற்க அவரால் முடியவில்லை. பரீட்சைக்கு வேண்டிய கணக்கில் தொடங்கி, மாணவன் கேள்விப்படாத இடங்களுக்கெல்லாம் போய்விடுவார். மாணவர்கள் நிலைக்கவில்லை.

1909 இல் ஜானகி என்ற சிறுமியை அவருக்குத் திருமணம் செய்துவைத்தனர். அப்போது ஜானகிக்கு வயது 10. அக்கால வழக்கப்படி அவர் சில ஆண்டுகள் கழித்தே கணவருடன் வாழ வந்தார். குடும்பப் பொறுப்பு வந்ததும் இராமானுஜன் வேலை தேடுவதில் தீவிரமானார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய இராமசாமி ஐயரைத் திருக்கோயிலூரில் சந்தித்தார். அவர் வழியாக ஒருவர் பின் ஒருவராகச் சிலரது அறிமுகம் கிடைத்தது. நெல்லூர் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, மாதம் 25 ரூபா தம் பணத்திலிருந்து கொடுத்து உதவினார். 1911 இல் சங்கத்தின் சஞ்சிகையில் அவருடைய முதலாவது ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அங்கே கணக்குப் பகுதித் தலைவராயிருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இரவில் இருவரும் சிலேட்டுகளை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள்.

1913 ஜனவரி 16 ஆம் திகதி, இராமானுஜன் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித அறிஞர் ஜீ. எச். ஹார்டிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதற்குமுன் வேறு இரு ஆங்கில அறிஞர்களுக்கு எழுதிப் பயனேதும் கிடைக்கவில்லை. தான் துறைமுகத்தில் ஓர் எழுதுவினைஞர் என்றும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்றும் கூறி, பல பக்கங்களில் தம் முடிவுகளை எழுதியிருந்தார். ஹார்டி முதலில் ஏதோ ஏமாற்று வேலையென எண்ணினார். மாலையில் தம் நண்பர் லிட்டில்வூட்டுடன் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பரிசீலித்தார். சில முடிவுகள் ஏற்கனவே தெரிந்தவை. சில பிழையானவை. சில, அவர்கள் இருவரும் ஒருபோதும் கண்டிராதவை. இத்தகையவற்றை எவரும் பொய்யாகக் கற்பனை செய்திருக்க முடியாது என்ற முடிவுக்கு ஹார்டி வந்தார்.

ஏற்கனவே தெரிந்தவை என்றேனல்லவா? அதில்தான் என் மனம் நிற்கிறது. ஐரோப்பாவில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்து அச்சிட்டு வைத்திருந்த பல முடிவுகளைக் கும்பகோணத்துத் திண்ணையில் அமர்ந்து அவர் முதலிலிருந்து தாமே கண்டுபிடித்தார். சரியான நூல் இல்லை. சொல்லித்தர ஆசிரியர் இல்லை. இளமையின் எத்தனை மாதங்கள் இப்படி வீணாயின என்று கணக்கிட முடியாது. ஹார்டியும் இதை எண்ணிப் பிற்காலத்தில் வருந்தியிருக்கிறார். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலை எப்படியிருக்கும் என்பதை நமது தோட்டப்புற மாணவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. லுணுகலையிலிருந்தும் பசறையிலிருந்தும் பஸ் ஏறி வகுப்புக்கு வருபவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஹார்டியின் பதில் வந்தபின் நிலைமை மாறிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவிப்பணம் வழங்கியது. எப்.ஏ. சித்தியடையாத ஒருவருக்கு இது வழங்கப்பட்டது! கடல் கடந்து செல்வது அவருடைய குலவழக்கத்துக்கு மாறானது. தாயார் முதலில் மறுத்தார், பின்னர் இணங்கினார். 1914 மார்ச் 17 ஆம் திகதி நெவாசா என்ற கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்ட இராமானுஜன், ஏப்ரல் 14 ஆம் திகதி இலண்டனை அடைந்தார். கேம்பிறிட்ஜில் திரினிற்றிக் கல்லூரியில் தங்கி ஆராய்ச்சி செய்தார். (கண்டியில் அதே பெயரில் ஒரு கல்லூரி உண்டு. அதனோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதலாம் உலகப் போர் மூண்டது.

இப்போது நமது பெரிய எண்ணுக்கு வருவோம். நான் கலைப் பட்டதாரி. கணிதம் என் துறையன்று. ஆயினும் இந்தப் பகுதி எனக்கே விளங்குகிறது என்றால் உங்களுக்கு விளங்காதிருக்க நியாயமில்லை.

தேயிலை நாற்றுமேடையில் 60 கன்றுகளைச் சம வரிசைகளாக அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் 5, 6, 10, 12, 15, 20 என விரும்பியபடி வைக்கலாம், மிச்சம் வராது. ஏனெனில் 60 இற்கு 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என 12 காரணிகள் உண்டு. இன்னும் ஒரு கன்று சேர்ந்து 61 ஆகிவிட்டால் ஒரே நீள வரிசைதான் கதி. 61 ஒரு முதன்மை எண். 100 பெரிய எண்ணாயினும் அதற்கு 9 காரணிகளே உண்டு. 60 இலும் சிறிய எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் கிடையா. மணித்தியாலத்தை 60 நிமிடங்களாகவும், வட்டத்தை 360 பாகைகளாகவும் பழங்காலத்தவர் பிரித்ததன் வசதி இதுதான்.

தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் விடக் கூடுதலான காரணிகளைக் கொண்ட எண்களை இராமானுஜன் தனியாகப் பிரித்தெடுத்தார். நாம் அவற்றை மிகு சேர்த்தி எண்கள் என்று அழைக்கலாம். அவை 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720 என்று செல்கின்றன. முதன்மை எண்ணுக்கு நேரெதிரானவை இவை. முதன்மை எண்ணைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்கள் எவ்வளவோ எழுதியிருந்தனர். மறுபக்கத்தை இவ்வளவு ஆழமாக ஆராய்ந்தவர் இராமானுஜன்.

காரணிகளை எழுதிப் பார்க்காமலே எண்ணும் முறை ஒன்று உண்டு. 12 ஐ எடுங்கள். 12 = 2² × 3. அதன் காரணியொன்றை உருவாக்கும்போது 2 ஐ ஒருமுறையும் எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். ஆக மூன்று வழிகள். 3 ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழிகள். 3 × 2 = 6. எனவே 12 இற்கு 6 காரணிகள். அதாவது, ஒவ்வொரு சுட்டியுடனும் 1 ஐக் கூட்டி, வருபவற்றைப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

இனி 18 ஐப் பாருங்கள். 18 = 2 × 3². அதற்கும் 6 காரணிகள்தான். அதே 6 காரணிகள் 12 இலேயே கிடைத்துவிட்டதால் 18 இற்குப் பட்டியலில் இடமில்லை. பெரிய சுட்டியைச் சிறிய முதன்மை எண்ணுக்குக் கொடுப்பதே இலாபம் என்பது இதிலிருந்து தெரிகிறது. 20 = 2² × 5 என்பதற்கும் 6 காரணிகளே. 5 இற்குப் பதிலாக 3 ஐப் போட்டால் மீண்டும் 12 வருகிறது. ஆகவே இடையிலுள்ள முதன்மை எண் எதையும் தாண்டிப் போவதில் பயனில்லை. இந்த இரு காரணங்களாலும் மிகு சேர்த்தி எண் ஒவ்வொன்றும் 2 இல் தொடங்கி அடுத்தடுத்த முதன்மை எண்களால் ஆனது. அவற்றின் சுட்டிகள் மலைச்சரிவின் படிக்கட்டுப்போல இறங்கிக்கொண்டே வரும், சில இடங்களில் சமமாக நிற்கும், ஒருபோதும் ஏறமாட்டா. கடைசி முதன்மை எண்ணின் சுட்டி எப்போதும் 1 ஆகும் என்றும், அதற்கு விலக்கு 4 உம் 36 உம் மட்டுமே என்றும் இராமானுஜன் நிறுவினார். இந்தக் கடைசிக் கூற்றின் நிறுவல் நமது மட்டத்துக்கு அப்பாற்பட்டது.

இனி முதலில் எழுதிய எண்ணை முதன்மைக் காரணிகளாக்குவோம்.

6 746 328 388 800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

சுட்டிகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. படிக்கட்டு இறங்குகிறதல்லவா? ஒவ்வொன்றுடனும் 1 ஐக் கூட்டினால் 7, 5, 3, 3, 2, 2, 2, 2, 2. இவற்றின் பெருக்கம் 315 × 32 = 10 080. ஆக, அப்பெரிய எண்ணுக்கு 10 080 காரணிகள் உண்டு. அதனிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. ஒரு வாரத்தில் எத்தனை நிமிடங்கள் என்று கணித்துப் பாருங்கள்: 7 × 24 × 60 = 10 080. நிமிடத்துக்கு ஒரு காரணி வீதம், உண்ணாமல் உறங்காமல் எழுதினால் சரியாக ஒரு வாரம் பிடிக்கும்.

இந்த எண்ணே இராமானுஜனின் அட்டவணையில் கடைசியாக நிற்பது. 2 இலிருந்து இது வரையுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை அவர் வரிசைப்படுத்தியிருந்தார். 63 பக்கங்கள் கொண்ட அக்கட்டுரை 1915 இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. போர்க்காலத்தில் சங்கத்துக்கு ஏற்பட்டிருந்த பண நெருக்கடி காரணமாகக் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. 1916 மார்ச் மாதம் இந்த ஆராய்ச்சிக்காகக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கிடைக்காமற் போன பட்டம் அது.

ஹார்டியுடன் சேர்ந்து அவர் செய்த மற்றொரு வேலையையும் சுருக்கமாகக் கூறுவேன். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200 ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? விடை 3 972 999 029 388. மக்மகன் என்பவர் இதனை நீண்ட செய்கையால் கணித்திருந்தார். இராமானுஜனும் ஹார்டியும் 1918 இல் வெளியிட்ட சூத்திரம் அதே விடைக்கு நேராகக் கொண்டுசென்றது.

ஆனால் அவருடைய உடல் தளர்ந்துகொண்டிருந்தது. அவர் மரக்கறி உணவே உண்பவர், தாமே சமைப்பார். போரினால் காய்கறிகளுக்குத் தட்டுப்பாடு. குளிர் வேறு. நமது வெலிமடையிலும் ஹப்புத்தளையிலும் மார்கழி மாதக் குளிருக்கே நாம் போர்த்திக்கொள்கிறோம். இங்கிலாந்தின் குளிர் அதனோடு ஒப்பிடக்கூடியதன்று. 1917 இல் நோயில் விழுந்தார். காசநோய் என்று வைத்தியர்கள் கருதினர். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக அது இருந்திருக்கலாம் என்று 1994 இல் ஒரு வைத்தியர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். அவ்வாறாயின், அன்றைய மருத்துவத்தாலேயே அதற்குச் சிகிச்சை அளித்திருக்க முடியும்.

நோயுற்றிருந்த அவரைப் பார்க்க ஹார்டி ஒருநாள் வாடகைக் காரில் வந்தார். காரின் எண் 1729 என்றும், அதில் சுவை ஒன்றும் இல்லையென்றும் பேச்சுவாக்கில் கூறினார். படுக்கையிலிருந்த இராமானுஜன் உடனே மறுத்தார். இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார். சரிபாருங்கள்: 12³ + 1³ = 1728 + 1. 10³ + 9³ = 1000 + 729. இக்கதையை நீங்கள் முன்னரே கேட்டிருப்பீர்கள். கேட்டவர்கள் பலரும் இதை ஒரு மாயவித்தைபோல எண்ணுகிறார்கள். உண்மையில் இத்தகைய எண்களோடு அவர் பல ஆண்டுகள் பழகியிருந்தார் என்பதற்கு அவருடைய ஏடுகளே சாட்சி. மூன்று விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 87 539 319. அது 1957 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

1918 இல் றோயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் திரினிற்றிக் கல்லூரியின் உறுப்பினருமானார். அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. சென்னைப் பல்கலைக்கழகமும் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண் வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில் அவர் அதற்கு எழுதிய பதிலில், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண் கொடுத்துத் தம் அவசியச் செலவும் போக எஞ்சும் பணத்தை ஏழைப் பிள்ளைகளினதும் அநாதைகளினதும் பாடசாலைக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்துமாறு கேட்டிருந்தார். கட்டணம் செலுத்த வழியின்றிக் கல்லூரியை விட்டவர் எழுதிய கடிதம் இது.

1919 மார்ச் மாதம் அவர் தாயகம் திரும்பினார். ஜானகி அம்மாள் அருகிலிருந்து பணிவிடை செய்தார். வலி மிகுந்த வேளையிலும் கடதாசி கேட்டு வாங்கிக் கணக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26 ஆம் திகதி சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 32. பதுளைக்கு முதன்முதலில் புகையிரதம் வந்தது 1924 இல். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கதை முடிந்துவிட்டது.

ஜானகி அம்மாளுக்கு அப்போது 21 வயது. பின்னர் தையல் கற்று, சென்னை திருவல்லிக்கேணியில் தைத்துக்கொடுத்து வாழ்ந்தார். 1994 வரை உயிரோடிருந்தார். கணவரைப் பற்றிய நூல்களில் அவருக்குச் சில வரிகளே கிடைக்கின்றன. நானும் இங்கே அதற்குமேல் எழுத இடமில்லாமல் போய்விட்டேன்.

இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் கேம்பிறிட்ஜில் ஒரு பெட்டியில் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1976 இல் அன்ட்றூஸ் என்ற அமெரிக்க அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். போர்க்காலத்தில் அச்சேறாமல் நின்ற மிகு சேர்த்தி எண் கட்டுரையின் மீதிப் பகுதியும் 1997 இல், 82 ஆண்டுகள் கழித்து, வெளிவந்தது.

அந்த அட்டவணையைப் பற்றி இன்னுமொரு செய்தி உண்டு. பின்னால் வந்தோர் அதனை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தபோது ஓர் எண் விடுபட்டிருப்பதைக் கண்டனர். அவ்வெண் 293 318 625 600. இதை 23 ஆல் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் கடைசியில் அவரே எழுதிய 6 746 328 388 800 வரும். அதாவது, விடுபட்டதன் 23 மடங்கு பட்டியலில் இருக்கிறது. விடுபட்டது மட்டும் இல்லை. கணிகருவியின்றி, அந்நிய நாட்டில் போருக்கு நடுவே, கையால் எழுதிய நூற்றுச் சொச்ச வரிகளில் ஒரு வரி.

அந்த எண்ணை முதன்மைக் காரணிகளாக்குங்கள். 23 ஐ நீக்கிவிட்டால் மிச்சம் எல்லாம் மேலேயே இருக்கிறது. காரணிகளின் எண்ணிக்கை 5040 வரவேண்டும். செய்கையையும் காட்டுங்கள்.